செம்பக்கம் கண்ட வரலாறு

செங்கோண முக்கோணம் ஒன்றின் இரு பக்கங்கள் தரப்பட்டவிடத்து மூன்றாம் பக்கத்தைக் காணும் முறையைக் கேத்திரகணிதம் பயிலத் தொடங்கிய மாணவன் எவனும் அறிவான். செங்கோணத்தை அடக்கி நிற்கும் பக்கங்கள் இரண்டின் வர்க்கங்களையும் கூட்ட, அச்செங்கோணத்துக்கு எதிரே கிடக்கும் செம்பக்கத்தின் வர்க்கம் வரும். பக்கங்கள் 3, 4 ஆயின் வர்க்கங்கள் 9, 16, கூட்ட 25, செம்பக்கம் 5. இங்ஙனம் விடை எளிதிற் கிடைத்துவிடுதலின், இவ்விதியை முதலிற் கண்டவர் யாவர் என்பதொன்றே இவ்விடயத்திற் கேட்கத்தக்க வினாவெனப் பலர் எண்ணுகின்றனர். கிரேக்கர் எனச் சிலரும், பபிலோனியர் எனச் சிலரும், இந்தியர் எனச் சிலரும் வழக்காடி வருதலும் அதுபற்றியே.

இனி, 3, 4 என்பவற்றை விடுத்து 5, 6 என்னும் பக்கங்களை எடுத்துக்கொள்க. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 61. விதி இவ்வளவில் நின்றுவிடுகின்றது. அது தருவது செம்பக்கத்தின் வர்க்கமேயன்றிச் செம்பக்கம் அன்று. 61 என்பதற்கு மூலமாகும் முழுவெண்ணும் இல்லை, பின்னமும் இல்லை. ஆகவே, பண்டை மக்கள் விதியை அறிந்திருந்தனரா என்பதிலும், மூலம் நேரே வாராதவிடத்து அவர் யாது செய்தனர் என்பதே ஆராய்வோர்க்குப் பயன் மிகத் தரும் வினாவாகும். இவ்வினாவுக்கு ஒவ்வொரு நாட்டாரும் ஒவ்வொரு வகையாக விடை கண்டனர். தமிழரிடையே வழங்கும் பாட்டொன்றைப் பற்றி எழுந்துள்ள வழக்கும் இவ்வினாவைக் கொண்டே தீர்க்கப்படற்பாலது.

பபிலோனியர் களிமண் தகடுகளில் ஆப்புவடிவ எழுத்தாற் கணக்குப் பொறித்தவர். பிரித்தானிய நூதனசாலையிலுள்ள அவர்தம் தகடொன்றில், ஏறத்தாழ 3,700 ஆண்டுகட்கு முற்பட்ட கணக்கொன்று உளது. 30 அளவுள்ள மரமொன்று சுவரோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கின்றது. அதன் தலை 6 அளவு கீழே வழுகின், அடி எவ்வளவு தூரம் விலகும்? 30இல் 6 போக 24. 30இன் வர்க்கத்திலிருந்து 24இன் வர்க்கத்தைக் கழிக்க 324, மூலம் 18. இதுவே விடை. ஏணியைச் சுவரிற் சாத்தி மாணவரை வினவும் இக்காலப் பாடநூற் கணக்கு இதனின்றும் சிறிதும் வேறுபட்டதன்று. முக்கோணத்தின் பெயரையோ தேற்றத்தின் பெயரையோ அக்கணக்குக் கூறவில்லை. எனினும் பக்கங்காணும் முறையைக் கணக்கிட்டவன் ஐயமின்றி அறிந்திருந்தான். முழுவெண்ணாய் மூலம் வருமாறு எண்களைத் தெரிந்தெடுத்த ஆசிரியரின் கைத்திறனும் அதிற் புலனாகின்றது.

மூலம் முழுமையாய் வாராதவிடத்து அவர் செய்தது யாது என்பதை யேல் பல்கலைக்கழகத்திலுள்ள மற்றொரு சிறு தகடு காட்டும். அஃது உள்ளங்கையில் அடங்கும் வட்டத் தகடு. மாணவன் ஒருவனுடைய பயிற்சித் தகடு எனவே அறிஞர் கொள்வர். அதிற் சதுரமொன்றும் அதன் மூலைவிட்டங்களும் வரையப்பட்டுள்ளன. பக்கத்தின்மேல் 30 என்னும் எண் உளது. மூலைவிட்டத்தின்மேல் 1, 24, 51, 10 என்னும் எண்களும், அவற்றின்கீழ் 42, 25, 35 என்னும் எண்களும் உள. பபிலோனியர் அறுபதின் அடியாக எண்ணியவர். ஆதலின் முதல் வரிசையின் பொருள் 1ம், அறுபதில் 24ம், மூவாயிரத்தறுநூற்றில் 51ம், இரண்டு இலட்சத்துப் பதினாறாயிரத்தில் 10ம் சேர்ந்தது என்பதாகும். இதனைத் தசமத்தில் எழுதின் 1.414213 என அமையும். இரண்டின் வர்க்கமூலம் இதுவே. உண்மைப் பெறுமானத்தினின்றும் பத்திலட்சத்தில் ஒரு பங்குதானும் இது வேறுபடவில்லை. 30ஐ இதனாற் பெருக்க வருவதே இரண்டாம் வரிசை. மாணவன் அம்மூலத்தைத் தானே கண்டிலன். வாய்பாட்டிலிருந்து எடுத்து எழுதினான் என்க. அத்துணை நுட்பமான வாய்பாடு பாடசாலைப் பிள்ளையின் கையில் இருந்தமையே வியக்கற்பாலது.

இத்தகட்டினும் பெரும்புகழ் பெற்றது பிளிம்ரன் தகடு. பிளிம்ரன் என்னும் பதிப்பாளர் 1922 அளவில் விலைக்கு வாங்கிய இத்தகடு இப்பொழுது நியூயோர்க் நகரிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றது. நொய்கெபவர், சாக்ஸ் என்னும் இருவர் 1945இல் அதன் பொருளை வெளியிட்டனர். பதினைந்து வரிசைகளில் முழுவெண் முக்கோணங்களின் ஒரு சிறு பக்கமும் செம்பக்கமும் அதிற் காணப்படுகின்றன. முதல் வரிசையில் 119, 169 என்பன உள. எஞ்சிய பக்கம் 120. நான்காம் வரிசையிலோ 12709, 18541 என்னும் பேரெண்கள் உள. எஞ்சிய பக்கம் 13500. இவற்றைக் கண்டோர் சிலர் இதனைத் திரிகோணகணித வாய்பாடெனக் கொண்டாடினர். எலெனர் றொப்சன் என்னும் ஆராய்ச்சியாளர் 2001இல் எழுதிய கட்டுரையில், மாணவர்க்கு மூலம் இனிது வரக்கூடிய கணக்குகளை ஆக்கும் பொருட்டு ஆசிரியர் ஒருவர் தொகுத்த பட்டியலே அது எனக் காட்டினார். அவர் கூற்றே ஏற்புடைத்து. கணக்கு எளிதில் முடியும் வகையில் எண்களைத் தேடி அலைதல் எக்காலத்து ஆசிரியர்க்கும் பொதுவன்றோ!

எகிப்தியரைப் பற்றி இங்குச் சில சொற்களே வேண்டப்படும். பன்னிரண்டு சமகூறுகளாக முடிச்சிட்ட கயிற்றை 3, 4, 5 என வளைத்து அவர் செங்கோணம் அமைத்தனர் என்னும் செய்தி பாடநூல் பலவற்றிலும் இடம்பெற்றுள்ளது. இது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கன்டர் என்னும் செர்மானிய வரலாற்றாசிரியர் கூறிய ஊகமேயன்றி, எகிப்தியச் சாசனம் எதனிலும் கண்டதன்று. பேர்லின் நகரிலுள்ள பழைய பப்பிரசு ஏடொன்றில், 100 என்னும் பரப்பினை இரு சதுரங்களாகப் பிரித்து அவற்றின் பக்கங்களை 6, 8 எனக் காணும் கணக்கு உண்டு. ஆயின் முக்கோணம் பற்றிய பேச்சு அதில் இல்லை.

இந்தியரின் வழி முற்றும் வேறானது. வேள்விச்சாலையிற் குண்டங்களை அளந்து அமைக்கும் முறை கூறும் சுல்ப சூத்திரங்கள் கி.மு. 800க்கும் 200க்கும் இடைப்பட்டன என்பர். போதாயனர், ஆபஸ்தம்பர், காத்தியாயனர், மானவர் ஆகியோர் பெயரால் அமைந்த நூல்கள் அவற்றுட் சிறந்தன. போதாயனருடையது காலத்தால் முந்தியது. சுல்பம் என்பது அளவு கயிறு. நீள்சதுரத்தின் மூலைவிட்டத்தில் இழுத்த கயிறு, நெடும்பக்கமும் குறும்பக்கமும் தனித்தனி ஆக்கும் பரப்புகள் இரண்டையும் தானே ஆக்கும் என்பது போதாயனர் கூற்றின் கருத்து. 3, 4, 12, 5, 15, 8, 7, 24, 12, 35, 15, 36 என்னும் ஆறு இணைகளில் இதனைக் காண்க என அவர் தொடர்ந்து கூறுகின்றார். இவ்வாறு இணைகளும் பின்னர் வேண்டப்படும்.

இவ்விதியை அவர் வேண்டியதன் காரணம் நோக்கற்பாலது. பருந்து வடிவான வேள்விமேடை முதன்முறை ஏழரைச் சதுர புருடம் பரப்புடையதாய் அமைக்கப்படும். அடுத்த முறை வடிவு மாறாமல் எட்டரையாதல் வேண்டும். அதன் பின் ஒன்பதரை. இவ்வாறே பெருகிச் செல்லும். வடிவு குன்றாமற் பரப்பினைப் பெருக்க வேண்டின், இரு சதுரங்களை ஒரு சதுரமாகக் கூட்டும் வழி தெரிதல் வேண்டும். பெரிய சதுரத்தின் ஒரு பக்கத்திற் சிறிய சதுரத்தின் பக்கத்தை அளந்து குறித்து, அங்குண்டாகும் நீள்சதுரத்தின் மூலைவிட்டத்திற் கயிற்றை இழுக்க, அக்கயிறே வேண்டிய புதிய சதுரத்தின் பக்கமாகும். இங்கு எண் எங்கே? மூலம் எங்கே? 5, 6 என்னும் பக்கங்கட்கு மூலைவிட்டம் யாதென அச்சிற்பியை வினாவின், முளையடித்துக் கயிற்றை இழுத்து, இதோ எனக் காட்டியிருப்பான். மூலமெடுக்கும் வேலையைக் கயிறே செய்து முடித்தது.

மகாவேதி அமைக்கும் முறையில் இக்கயிற்றின் திறம் இன்னும் நன்கு விளங்கும். கிழக்கு மேற்காக 36, மேற்புறம் 30, கீழ்ப்புறம் 24 அளவுகொண்ட சரிவகமே அது. ஆபஸ்தம்பர் 36 அளவுள்ள கயிற்றோடு 18 சேர்த்து 54 ஆக்குவர். மேற்கு நுனியிலிருந்து 15ஆம் அளவில் அடையாளமிடுவர். நுனிகள் இரண்டையும் 36 அளவுள்ள நடுக்கோட்டின் முனைகளிற் பிணித்து அடையாளத்தைப் பிடித்திழுப்பின், ஒருபால் 15, மறுபால் 39, அடி 36 என நின்று மேற்கு முனையிற் செங்கோணம் பிறக்கும். மேற்புற மூலைகள் இவ்வாறு கிடைக்கும். பின்னர்க் கயிற்றை மாற்றிப் பிணித்துக் கிழக்கு முனையிலும் செங்கோணம் கண்டு, அங்கு 12 அளவில் முளையடிப்பர். வேறு கருவி எதுவும் வேண்டியதில்லை.

எனினும் சூத்திரகாரர் எண்ணை முற்றும் விடுத்தாரல்லர். சதுரத்தின் மூலைவிட்டங் காணற்குப் பக்கத்தோடு அதன் மூன்றிலொன்றும், அம்மூன்றிலொன்றின் நான்கிலொன்றும் கூட்டி, அந்நான்கிலொன்றின் முப்பத்துநான்கிலொன்றைக் கழிக்குமாறு அவர் விதித்தனர். இது 408இல் 577 ஆகும், அதாவது 1.414215. பபிலோனியர் கண்டதற்குச் சற்றே பின்தங்கியதாயினும் கயிற்றளவைக்கு வேண்டியதினும் மிகநுட்பமானது. விபூதிபூஷண் தத்தர் 1932இல் வெளியிட்ட நூலில் இதற்கு விளக்கங் கூறினார். ஓரலகுச் சதுரங்கள் இரண்டனுள் ஒன்றை மூன்று பட்டைகளாக அரிந்து, இரண்டனை மற்றச் சதுரத்தின் இரு பக்கங்களிலும் பொருத்துக. மூன்றாம் பட்டையிலிருந்து சிறு சதுரமொன்றை வெட்டி மூலைக்குழியை நிரப்புக. மீதியை எட்டு மெல்லிய துண்டுகளாக்கி மீண்டும் இரு பக்கங்களிலும் அடுக்குக. இப்பொழுது பக்கம் பன்னிரண்டிற் பதினேழு ஆகும். மூலையில் மிகச் சிறிய சதுரமொன்று மட்டுங் குறையும். அக்குறையை ஈடுசெய்யப் பக்கங்களைச் சிறிதே செதுக்க வருவதுதான் அம்முப்பத்துநான்கிலொன்று. கல்லும் செங்கல்லும் அடுக்கியவர் கைக்கு இவ்விளக்கம் மிகவும் பொருந்துகின்றது.

577ஐ 408ஆல் வகுத்து அறுபதின் அடியில் எழுதி மூன்றாமிடத்தோடு நிறுத்தினால், யேல் தகட்டிலுள்ள 1, 24, 51, 10 என்பதே வரும். இவ்வொற்றுமை கண்டு, ஒரு நாட்டார் மற்றவரிடமிருந்து கடன் பெற்றனர் என்பாரும் உளர். எண்ணொன்று ஒத்தமையால் மட்டும் அங்ஙனம் துணிதல் ஆகாது. உண்மை ஒன்றாயின் அதனை அணுகுவோர் ஒரிடத்திற் சந்தித்தல் இயல்பே. சூத்திரத்தில் இவ்வளவைக்கு வழங்கும் சவிசேஷம் என்னும் பெயரைக்கொண்டு, அது முற்றும் சரியன்று என ஆசிரியர் உணர்ந்திருந்தார் எனச் சிலர் கூறுவர். ஒரு சொல்லின்மீது அத்துணைப் பெரிய முடிபை ஏற்றுதலும் பொருந்தாது.

இவ்விதிக்குப் பைதகரசின் பெயர் வழங்குதல் யாவரும் அறிந்தது. கி.மு. ஆறாம் நூற்றாண்டினராகிய அவர் எழுதிய நூல் எதுவும் இல்லை. தேற்றத்தைக் கண்ட மகிழ்ச்சியால் அவர் எருது பலியிட்டார் என்னும் கதை பன்னூற்றாண்டு கழிந்தபின் எழுதப்பட்டது. உயிர்ப்பலியை வெறுத்தவர் எனப்படும் ஒருவர் எருதினைப் பலியிட்டாரெனல் நம்பத்தக்கதன்று என உரோமரான சிசரோவே மறுத்துள்ளார். கிரேக்கரின் உண்மைப் பெருமை வேறிடத்தில் உளது. கி.மு. 300 அளவில் யூக்கிளிட் இயற்றிய நூலின் முதற்பகுதியில் 47ஆம் தேற்றமாக இது நிறுவப்பட்டுள்ளது. 48ஆம் தேற்றம் இதன் மறுதலை. 3, 4 என்பதற்கன்றி, எச்செங்கோண முக்கோணத்துக்கும் இது தப்பாது என நிறுவிக் காட்டிய ஆதிநூல்களுள் இன்று எஞ்சியிருப்பது அதுவே. சதுரத்தின் பக்கமும் மூலைவிட்டமும் ஒரே அளவுகோலால் அளக்கப்படா என்பதையும் கிரேக்கர் கண்டனர். இரண்டின் மூலம் பின்னமாகாது என்பது இதன் பொருள். ஏனையோர் கிட்டிய பெறுமானங் கண்டு அமைந்தவிடத்து, முற்றிய பெறுமானம் பின்னமாய்க் கிடைக்கவே மாட்டாது என உணர்ந்தமை அவர்க்குரிய தனிச்சிறப்பு. அவ்வுணர்வு ஒருவகையில் அவரைக் கட்டியும் வைத்தது. யூக்கிளிட்டின் தேற்றத்தில் எண்ணே இல்லை. ஒரு பக்கத்தினையேனும் அவர் அத்தேற்றத்திற் கணித்துக் காட்டினாரல்லர்.

கணித்துக் காட்டியவர் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஈரோன். கி.பி. முதலாம் நூற்றாண்டினர். நெடுங்காலம் மறைந்து கிடந்த அவர் நூல் 1896இற் கொன்ஸ்தாந்திநோப்பிளிற் கண்டெடுக்கப்பட்டது. 720இன் மூலத்தை அவர் காணும் வகை வருமாறு: அதற்கு அண்மையிலுள்ள மூலம் 27, 720ஐ 27ஆல் வகுக்க 26 2/3, இவ்விரண்டின் சராசரி 26 5/6. இதன் வர்க்கம் 720 1/36. பிழை முப்பத்தாறிலொன்றே. அதுவும் பெரிதெனின் மீண்டும் அவ்வாறே செய்க என்கின்றார். முன்னர் நின்ற 61க்கும் இவ்வழியே செல்லலாம். 8ஐ எடுத்து வகுக்க 7 5/8. சராசரி 7 13/16. உண்மைப் பெறுமானம் 7.8102, இது 7.8125. ஒரு முறை செய்தளவில் வந்த நெருக்கம் இது.

மூலம் எடாமலே பக்கங்காணும் கணக்குகளும் உண்டு. சீனரின் ஒன்பது அத்தியாயக் கணித நூலின் இறுதி அத்தியாயம் முற்றும் செங்கோண முக்கோணம் பற்றியது. அதில் 24 கணக்குகள் உள. அவற்றுள் ஒன்று: பத்தடிச் சதுரக் குளத்தின் நடுவில் நாணலொன்று நீருக்குமேல் ஓரடி உயர்ந்து நிற்கின்றது. அதனைக் கரைக்கு இழுப்பின் நுனி கரையை மட்டாகத் தொடும். ஆழம் எவ்வளவு? அரையகலம் 5, வர்க்கம் 25, ஒன்று கழித்துப் பாதியாக்க 12. நாணலின் நீளம் 13. பாஸ்கரர் 1150இல் இயற்றிய லீலாவதியில் நாணல் தாமரையாகின்றது. அரை முழம் நீர்மேல் நின்ற தாமரை காற்றால் மெல்லச் சாய்ந்து இரண்டு முழத் தொலைவில் மூழ்கும். ஆழம் மூன்றேமுக்கால் முழம். அந்நூலிலேயே ஒன்பது முழத் தூணின்மேல் மயிலும், அதன் அடியிலுள்ள புற்றுக்கு 27 முழத்துக்கப்பாற் பாம்பும் வருகின்றன. பாம்பு புற்றை நோக்கி விரைய, மயில் மேலிருந்து பாய்கின்றது. இரண்டும் ஒத்த தூரஞ் சென்று சந்திக்குமிடம் புற்றிலிருந்து 12 முழம். இவற்றிலெல்லாம் செம்பக்கத்துக்கும் மற்றொரு பக்கத்துக்கும் உள்ள கூட்டுத்தொகையோ வேற்றுமையோ தரப்படுதலின், வகுத்தலே போதும்.

வானநூலார்க்கு இவ்விலகுவழி உதவாது. 499இல் ஆரியபடர் அமைத்த சைன் வாய்பாட்டிற்கு 24 அளவுகள் வேண்டியிருந்தன. ஒவ்வோர் அரைநாணும் அதன் கோடியும் வட்டத்தின் ஆரையும் ஒரு செங்கோண முக்கோணமாகும். ஒன்றறிந்து மற்றதைக் காண மூலமெடுத்தே தீரல் வேண்டும். அவர் தம் கணிதபாதத்தில் எவ்வெண்ணுக்கும் இலக்கம் இலக்கமாக மூலமெடுக்கும் முறையை முன்னர்க் கூறி, அதன்பின்னரே செம்பக்க விதியைக் கூறினார். கயிறு செய்த வேலையை இங்கு எண் ஏற்றுக்கொண்டது. பழைய பாடநூல்களில் மூலமெடுக்கக் கற்பிக்கப்பட்ட நெடுமுறையும் இவ்வினத்ததே.

இனித் தமிழ்ப் பாட்டுக்கு வருவாம். நெடும்பக்கத்தில் எட்டிலொரு கூற்றை நீக்கி, எஞ்சியதனோடு குறும்பக்கத்தின் பாதியைக் கூட்டச் செம்பக்கம் வரும் என்பது அதன் கருத்து. இதனைப் போதையனார் என்பார்க்கு உரித்தாக்கி, அவரே சூத்திரம் செய்த போதாயனர் எனவும், பைதகரசுக்கு முன்னரே மூலம் எடாமற் செம்பக்கங் கண்ட தமிழர் அவர் எனவும் பலர் பெருமிதத்தோடு கூறி வருகின்றனர். 4, 3 என்பவற்றுக்கு 3½ஓடு 1½ சேர 5 வருகின்றது. 12, 5 என்பவற்றுக்கு 10½ஓடு 2½ சேர 13 வருகின்றது. இவ்விரண்டையும் கண்டோர் மேலே செல்வதில்லை. 15, 8 என்பவற்றை இட்டுப் பார்க்க. 17 வரவேண்டியவிடத்து 17 1/8 வரும். பக்கங்கள் இரண்டும் 10 ஆயின் 14.14 வரவேண்டியவிடத்து 13¾ வரும். அட்சரகணிதத்தால் ஆராயின், நெடும்பக்கமும் குறும்பக்கமும் 4க்கு 3 என்னும் விகிதத்திலேனும், 12க்கு 5 என்னும் விகிதத்திலேனும் நின்றாலன்றி இவ்விதி சரியாகாது என்பது பெறப்படும். இவ்விரண்டுக்கும் இடையே விடை சற்று மிகும். அம்மிகை ஆயிரத்தில் எட்டினைத் தாண்டாது. அவற்றுக்கு அப்பாற் குறையும்.

ஆகவே இது தேற்றமன்று. தொழிலாளனுக்கு ஏற்ற கைவிதி. அவ்வகையில் இதனை இகழ்தலும் தகாது. 15 அடி அரையகலமும் 8 அடி உயரமும் கொண்ட கூரைக்குக் கைமரம் அளப்பவன் இவ்விதியாற் பெறுவது உண்மை நீளத்தினும் ஒன்றரை அங்குலம் மிகுதி. மிகுதியை அறுத்துக்கொள்ளலாம், குறைந்தாலே மரம் வீணாகும். கூரையின் உயரமும் அரையகலமும் ஒத்து நிற்குமாயின் விதி அவனைக் கைவிடும். பத்தடிக்கு ஏறக்குறைய ஐந்தங்குலம் குறையும். இதனை ஆக்கியவன் இரு முக்கோணங்களை நன்கறிந்து, இரண்டுக்கும் பொருந்தும் பின்னங்களைத் தேடிக் கண்ட கூர்மதியாளன் என்பதில் ஐயமில்லை.

அவன் போதாயனர் ஆகான். சுல்ப சூத்திரம் வடமொழியில் அமைந்த உரைச் சூத்திரம். பாட்டின் தமிழோ பிற்கால வழக்கினது. இச்சான்று போதாதெனின், போதாயனர் தந்த ஆறு இணைகளையும் பாட்டின் விதியால் அளந்து பார்க்க. 3, 4, 12, 5, 15, 36 என்னும் மூன்றும் பொருந்தும், மூன்றாவது இரண்டாவதன் மும்மடங்கே. 15, 8 என்பதற்கு 17க்குப் பதில் 17 1/8 வரும். 7, 24 என்பதற்கு 25க்குப் பதில் 24½ வரும். 12, 35 என்பதற்கு 37க்குப் பதில் 36 5/8 வரும். தாமே எடுத்துக்காட்டிய ஆறனுள் மூன்றிற் பொய்க்கும் விதியை அவ்வாசிரியரே வகுத்தார் எனல் யாங்ஙனம் அமையும்?